மோட்டார் ட்ரைக்கில் நெடும்பயணம்: ஓட்டிப் போவதா, டிரெய்லரில் ஏற்றிப் போவதா?

மூன்று சக்கர மோட்டார் சைக்கிளான ட்ரைக்கை, காரின் பின்னால் இழுக்கும் டிரெய்லரில் ஏற்றி வருபவரைப் பார்த்து "ஓட்டவா, ஊர்வலம் விடவா?" என்று கிண்டலடிப்பவர்கள் உண்டு. 3,000 கி.மீ. ஓட்டி வந்து தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப் பார்த்து "எதற்கு இந்த வீம்பு?" என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு பேச்சையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பயணத்தில் ஓட்டி ரசிக்கப்போகும் தூரம் எவ்வளவு, வெறுமனே போய்ச் சேருவதற்கான தூரம் எவ்வளவு? அதைத் தாளில் எழுதிப் பார்த்தாலே பாதி முடிவு கிடைத்துவிடும். மீதிப் பாதியை உங்கள் ட்ரைக்கும் உங்கள் உடம்பும் சொல்லும்.

முதலில், உங்களுடையது எந்த வகை?

ட்ரைக்கில் இரண்டு சாதி. பின்னால் இரண்டு சக்கரம், முன்னால் ஒன்று என்பது ஒன்று: ஹார்லி-டேவிட்சன் ட்ரை கிளைட், கோல்டு விங்கை மாற்றிக் கட்டிய ட்ரைக்குகள் எல்லாம் இந்த வகை. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்பது மற்றொன்று: கேன்-ஆம் ஸ்பைடரும் ரைக்கரும் இதில் வரும். எடையிலும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ட்ரை கிளைட் சுமார் 560 கிலோ. ஸ்பைடரின் நெடும்பயண மாடல் எரிபொருள் ஊற்றாமலே சுமார் 460 கிலோ. 900 சிசி ரைக்கர் 280 கிலோதான்.

இந்த வித்தியாசம் ஓட்டும்போதும் தெரியும், ஏற்றும்போதும் தெரியும். முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள ட்ரைக்கில் எடையில் பெரும்பங்கு பின் அச்சின் மேல் உட்கார்ந்திருக்கும். ஸ்பைடர் வகையில் முன்பக்கம்தான் கனம். டிரெய்லரில் எந்த இடத்தில் நிறுத்துவது, எந்தச் சக்கரத்தில் கட்டும் பெல்ட் போடுவது என்பதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஆகவே உங்கள் வண்டியின் மொத்த எடை, அகலம், நீளம், தரையிலிருந்து அடிப்பாகம் வரை உள்ள உயரம் ஆகிய நான்கையும் கையேட்டைப் பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான்குமே தேவைப்படும்.

வழியைப் பிரித்துக் கணக்குப் போடுங்கள்

ஒரு உதாரணம். மொத்தப் பயணம் 2,800 கி.மீ. அதில் போக 900, வர 900 விரைவுச்சாலை. நடுவில் 1,000 கி.மீ. மலைப்பாதையும் கடலோரச் சாலையும். அதாவது 64 சதவீதம் வெறும் போக்குவரத்து.

எரிபொருள்: ட்ரைக் லிட்டருக்கு 15 கி.மீ. தரும் என்று வைத்துக்கொண்டால், முழுக்க ஓட்டிப் போனால் சுமார் 187 லிட்டர். டிரெய்லரை இழுக்கும் வண்டி லிட்டருக்கு 7 கி.மீ. என்றால் 1,800 கி.மீ.க்கு 257 லிட்டர், நடுவில் ட்ரைக்குக்கு 67 லிட்டர், ஆக 324. எரிபொருளை மட்டும் பார்த்தால் டிரெய்லர் ஒருபோதும் ஜெயிக்காது. இதைத் தெரிந்துகொண்டே அடுத்த கணக்குக்குப் போகவேண்டும்.

நாட்கள்: ட்ரைக்கில் ஒரு நாளைக்கு 400 முதல் 500 கி.மீ. என்பதுதான் நாலைந்து நாள் தொடர்ந்து தாங்கக்கூடிய தூரம். அப்படியென்றால் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். காரில் இருவர் மாறி மாறி ஓட்டினால் 900 கி.மீ.யை ஒரு நீண்ட நாளில் முடிக்கலாம். மிச்சம் இரண்டு நாள். விடுமுறை ஏழு நாள் உள்ளவருக்கு அந்த இரண்டு நாள் பெரிய விஷயம். பதினைந்து நாள் உள்ளவருக்கு ஒன்றுமில்லை.

எங்கள் கைக்கணக்கு இது: போய்ச் சேரும் தூரம் மொத்தத்தில் 60 சதவீதத்துக்கு மேல், அதோடு ஒரு பக்கம் 500 கி.மீ.க்கு மேல் என்றால் டிரெய்லரை யோசிக்கலாம். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே என்றால் யோசிக்கவே வேண்டாம், ஓட்டிப் போங்கள். நடுவில் இருந்தால் வழியின் வடிவத்தைப் பாருங்கள். ஒரே ஊரில் தங்கி, தினமும் ஒரு திசையில் போய்த் திரும்புகிற பயணத்துக்கு டிரெய்லர் ஒத்துவரும். தினம் ஓர் ஊரில் தங்கி வட்டமடித்து வருகிற பயணத்துக்கு ஒத்துவராது, ஏனென்றால் டிரெய்லரை எங்கே விட்டீர்களோ அங்கேயே திரும்பி வந்தாக வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, கடைசி நாளில் டிரெய்லருக்காக 300 கி.மீ. பின்னோக்கி ஓட்டுகிறார்கள்.

உரிமத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். டிரெய்லர் ஒரு எடைக்கு மேல் போனால் தனி உரிமம் கேட்கும் நாடுகள் பல. ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் அனுமதி எடையுள்ள டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். ட்ரைக்கும் டிரெய்லரும் சேர்ந்தால் இந்த எடையைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

ஓட்டிப் போவதென்றால்

இருசக்கர வண்டியில் பழகியவர் ட்ரைக்கில் நெடுந்தூரம் போகும்போது கால் அல்ல, கைதான் முதலில் களைக்கும். ட்ரைக் சாயாது. வளைவில் உடம்பைச் சாய்த்து வண்டியைத் திருப்ப முடியாது, கைப்பிடியைத் தள்ளியும் இழுத்தும்தான் திருப்பவேண்டும். 300 கி.மீ. மலைப்பாதைக்குப் பிறகு தோளிலும் மேல்கையிலும் வரும் வலி இதனால்தான். முன் ஃபோர்க்கின் கோணத்தை மாற்றும் கிட் போட்ட ட்ரைக்குகளில் இந்த இழுபறி கணிசமாகக் குறையும். மாற்றிக் கட்டிய ட்ரைக்கில் அது இல்லையென்றால், நெடும்பயணத்துக்கு முன்னால் செலவழிக்க வேண்டிய முதல் பணம் அதற்குத்தான். சீட்டும் கண்ணாடியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சாலையின் நடு மேடாகவும் ஓரம் சரிவாகவும் இருக்கும். இருசக்கர வண்டிக்கு அது தெரியாது. ட்ரைக் மூன்று தடத்தில் போவதால் சரிவின் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், நாள் முழுக்க ஒரு கை மட்டும் அதை எதிர்த்துத் தள்ளும். பள்ளத்தை இரண்டு சக்கரத்துக்கு நடுவில் விட்டுப் போகவும் முடியாது, நடுவில் ஒரு சக்கரம் இருக்கிறது. அந்த நடுச் சக்கரம் பாதையின் நடுவில் படிந்துள்ள எண்ணெய்க் கறையின் மேலேதான் ஓடும். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் அந்தப் பட்டை சோப்புத் தண்ணீர் மாதிரி வழுக்கும். சிக்னலில் நிறுத்தும்போதும் சுங்கச் சாவடியிலும் இதை நினைவில் வையுங்கள்.

மிகவும் ஆபத்தான பழைய பழக்கம் ஒன்று. வண்டி நிற்கப் போகும்போது காலை ஊன்றுவது. பின்னால் இரண்டு சக்கரம் உள்ள ட்ரைக்கில், ஊன்றிய கால் தரையில் நிற்கும், வண்டி இன்னும் அரை மீட்டர் நகரும், பின் டயர் குதிகாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். ட்ரைக் நிற்கும்போது விழாது. காலுக்கு வேலையே இல்லை. வெறும் மைதானத்தில் நிறுத்துவதும் கிளப்புவதுமாக ஐம்பது முறை செய்து, கால் ஃபுட்போர்டை விட்டு எழாத வரைக்கும் நெடும்பயணம் வேண்டாம்.

கிளம்புமுன் பார்க்க வேண்டியவை:

1. டயர் காற்று. ட்ரைக்கின் அழுத்தம் இருசக்கர வண்டி மாதிரியும் இருக்காது, கார் மாதிரியும் இருக்காது. ஸ்பைடரின் முன் டயர்களுக்கு 20 பிஎஸ்ஐயோ அதற்கும் குறைவோதான். பெட்ரோல் பங்கில் கார் டயர் என்று நினைத்து 32 ஏற்றிவிட்டால் விரைவுச்சாலையில் வண்டி அங்குமிங்கும் பாயும். கையேட்டு அளவை எழுதி டேங்க் மூடிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள், டயர் குளிர்ந்திருக்கும்போது மட்டும் அளந்து பாருங்கள்.

2. டயர் தேய்மானம். பின்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள வகையில் அந்த டயரின் நடுப்பகுதி முதலில் தேயும், ஓரத்தில் நல்ல பள்ளம் இருக்கும்போதே நடுவில் மொட்டையாகிவிடும். ஓரத்தைப் பார்த்து ஏமாந்து போகாதீர்கள். முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள வகையில் வளைவில் முன் டயர் பக்கவாட்டில் உரசுவதால் ஓர ரப்பர்க் கட்டைகள் படிக்கட்டு மாதிரி தேயும். கையால் தடவினால் தெரியும்.

3. கைப்பிடி நடுக்கம். மணிக்கு 25 முதல் 40 கி.மீ. வேகத்தில் கைப்பிடி இடமும் வலமும் வேகமாக ஆடினால், மேலே சொன்ன தேய்ந்த முன் டயரோ தளர்ந்த ஸ்டீயரிங் பேரிங்கோ காரணமாக இருக்கும். ஆட்டத்தைத் தணிக்கும் டேம்பர் போட்டால் நடுக்கம் அடங்கும், ஆனால் காரணம் அப்படியே இருக்கும். முதலில் டயரையும் பேரிங்கையும் பாருங்கள்.

4. சுமை. பின் பெட்டி பின் அச்சுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் கனமானவற்றை அடைத்தால் முன் சக்கரம் லேசாகும், ஸ்டீயரிங் மிதக்கும். கருவிகள், தண்ணீர், சங்கிலிப் பூட்டு எல்லாம் அச்சுக்கு முன்னால், தாழ்வாக. துணிமணி பின்னால்.

எரிபொருளை டேங்க் காலியாகும் தூரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 22 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 15 என்றால் தாளில் 330 கி.மீ. எதிர்காற்றில் இது 270 ஆகலாம். 200 கி.மீ.க்கு ஒரு முறை நிரப்புவது என்று வைத்துக்கொண்டால் பதற்றம் இருக்காது. எரிபொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி நடக்கவேண்டும். முதல் நாள் 350 கி.மீ.யோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முதல் நாளே 600 ஓட்டியவர் இரண்டாம் நாள் எப்படி ஓட்டுகிறார் என்று பார்த்தால் காரணம் புரியும்.

கனமழையில் வேகத்தைக் கார் ஓட்டுபவரைவிடக் கூடுதலாகக் குறையுங்கள். ட்ரைக்கின் டயர் அகலம், வண்டியின் எடை குறைவு. இந்தச் சேர்க்கை தண்ணீரின் மேல் ஏறி மிதக்கத்தான் பார்க்கும்.

டிரெய்லர் என்றால்: எது தேவை

அகலத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ட்ரை கிளைட் சுமார் 1.4 மீட்டர் அகலம், ஸ்பைடர் சுமார் 1.5 மீட்டர். தளம் 1.5 மீட்டர் என்று சொல்லி விற்கும் மூடிய டிரெய்லரின் கதவுத் திறப்பு அதைவிடக் குறுகலாக இருக்கும். அளக்க வேண்டியது தளத்தை அல்ல, கதவை. உள்ளே நின்று பெல்ட் கட்ட ஆளுக்கும் இடம் வேண்டும். ஆகவே உள் அகலம் 1.8 மீட்டர், நீளம் 3.6 மீட்டர் இருந்தால் நிம்மதி.

திறந்த டிரெய்லர் லேசானது, காற்றுத் தடை குறைவு, கட்டியது கண்ணாடியில் தெரியும். மூடிய டிரெய்லர் மழைக்கும் திருட்டுக்கும் பாதுகாப்பு, ஆனால் கனமும் காற்றுத் தடையும் கூடும். வண்டியை ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டால் பெல்ட் தளர்ந்தால்கூட வெளியே தெரியாது. ஒரு வாரப் பயணத்துக்குத் திறந்ததே போதும் என்பது எங்கள் கருத்து. இரவு விடுதி வாசலில் நிறுத்த வேண்டியிருந்தால் மட்டும் மூடியதைப் பற்றி யோசியுங்கள்.

இழுக்கும் வண்டியில் பார்க்க வேண்டியது இழுவை எடை வரம்பு மட்டுமல்ல. டிரெய்லரை மாட்டும் கொக்கியின் பந்தின் மேல் எவ்வளவு எடை அழுத்தலாம் என்று தனி வரம்பு இருக்கும், அதையும் பாருங்கள். பந்தின் அளவும் முக்கியம். டிரெய்லரின் முன்முனையில் பந்தைக் கவ்விப் பிடிப்பது கப்ளர். 2 அங்குல கப்ளர் 1 7/8 அங்குலப் பந்தின் மேல் உட்காரும், பூட்டும்கூட விழும். முதல் பெரிய குழியில் எகிறி வெளியே வந்துவிடும். பூட்டிய பிறகு டிரெய்லரின் முன் ஜாக்கைச் சுற்றி மேலே தூக்குங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால் பூட்டு சரி. கப்ளர் மட்டும் எழுந்தால் பூட்டவில்லை என்று பொருள். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கப்ளருக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றால் அது தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும்.

டயரின் பக்கச் சுவரில் உள்ள கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று வெடிப்பதே அதிகம். ஐந்தாறு வருடம் தாண்டியதை, பள்ளம் எவ்வளவு இருந்தாலும், நெடும்பயணத்துக்கு நம்பவேண்டாம். ஸ்டெப்னி, அந்த நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், ஒரு செட் வீல் பேரிங், கிரீஸ் இவை கூடவே வரட்டும். காரின் ஸ்பேனர் டிரெய்லர் நட்டுக்குப் பொருந்தாது என்பது சாலையோரத்தில் தெரியவேண்டிய செய்தி அல்ல.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கும், முன்பாரம் ஆனால் மாட்டின் கழுத்து அழுந்தும். டிரெய்லரிலும் அதே கதைதான், ஆனால் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில்.

பின்பாரமான டிரெய்லர் வேகம் கூடியதும் வாலாட்டத் தொடங்கும். ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி, நான்காவது ஐந்தாவது ஆட்டத்தில் காரையே புரட்டிவிடக்கூடியது. இதைத் தவிர்க்க, டிரெய்லரும் சுமையும் சேர்ந்த மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் பந்தின் மேல் அழுத்தவேண்டும் என்பது வட அமெரிக்க வழக்கம். ஐரோப்பியக் கார்களின் கொக்கி வரம்பு பெரும்பாலும் 75 முதல் 100 கிலோ என்பதால் அங்கே இதைவிடக் குறைவாக வைத்து, வேகத்தையும் குறைத்து ஓட்டுகிறார்கள். உங்கள் கொக்கியின் வரம்புக்குள், முடிந்த அளவு முன்பாரமாக வைப்பதே விதி.

340 கிலோ டிரெய்லர், 560 கிலோ ட்ரைக், ஆக 900. பந்தின் மேல் 90 முதல் 135 கிலோ வேண்டும். இதை அளக்க வீட்டு எடை மெஷினே போதும். கப்ளருக்கு அடியில் ஒரு வலுவான கட்டையைக் கிடத்துங்கள். ஒரு முனை செங்கல் மேல், மறுமுனை எடை மெஷின் மேல். கப்ளர் ஊன்றும் இடம் செங்கல்லிலிருந்து 30 செ.மீ., மெஷினிலிருந்து 60 செ.மீ. இருக்கட்டும். மெஷின் காட்டுவதை மூன்றால் பெருக்கினால் முன்பார எடை. 38 காட்டினால் 114 கிலோ. டிரெய்லர் மட்டமாக நிற்கவேண்டும், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்கவேண்டும்.

குறைந்தால் ட்ரைக்கை முன்னே தள்ளுங்கள். டிரெய்லர் அச்சிலிருந்து பந்து வரை 3 மீட்டர் என்றால், 560 கிலோ ட்ரைக்கை 10 செ.மீ. முன்னே நகர்த்தினால் முன்பாரம் சுமார் 19 கிலோ கூடும். பத்து செ.மீ. தள்ளி நிறுத்தினால் என்ன ஆகிவிடும் என்று அலட்சியமாக இருக்க முடியாததற்குக் காரணம் இதுதான். சரியான இடம் கிடைத்ததும் தளத்தில் முன் சக்கரம் நிற்கும் இடத்தில் பெயிண்டால் கோடு போட்டுவிடுங்கள். அடுத்த முறை அளக்கவே வேண்டாம்.

ஸ்பைடரை நேராக ஏற்றினால் கனமான பக்கம் முன்னால் போவதால் முன்பாரம் தானாகவே கூடும், சில டிரெய்லர்களில் வரம்பையும் தாண்டும். பின்பக்கமாகத் திருப்பி ஏற்றினால் சரியாகும் என்று சிலர் செய்கிறார்கள். வேண்டாம். கண்ணாடியும் பெட்டி மூடியும் முன்னாலிருந்து வரும் காற்றுக்காகச் செய்யப்பட்டவை. பின்னாலிருந்து 100 கி.மீ. வேகக் காற்று புகுந்தால் மூடி பறக்கும், கண்ணாடி பிய்யும்.

ஏற்றுவது

மூன்று தடம் என்பதால் மூன்று பலகை வேண்டும், அல்லது முழு அகல ராம்ப். தளம் 50 செ.மீ. உயரம் என்றால் 2 மீட்டர் ராம்ப்பில் ஏற்றம் சுமார் 14 டிகிரி, 3 மீட்டரில் பத்துக்கும் கீழே. பிரச்சினை ஏறுவதில் இல்லை. ராம்ப் முடிந்து தளம் தொடங்கும் முனையில் வண்டியின் வயிறு இடிப்பதில்தான். ராம்ப்பின் அடி சற்று மேடான தரையில் ஊன்றும்படி நிறுத்தினால் கோணம் குறையும். அது முடியாத இடத்தில் அடியில் 5 செ.மீ. பலகை கொடுங்கள்.

1. டிரெய்லரை காரில் பூட்டிய பிறகே ஏற்றுங்கள். பூட்டாமல் ஏற்றினால் வால் பக்கம் எடை வந்ததும் முன்பக்கம் வானத்தைப் பார்க்கும். காருக்கு ஹேண்ட் பிரேக், சக்கரங்களுக்குக் கட்டை, டிரெய்லரின் பின் மூலைகளில் ஸ்டாண்டு.

2. ராம்ப்பைச் சங்கிலியாலோ பெல்ட்டாலோ டிரெய்லரோடு கட்டுங்கள். பின் சக்கரம் ராம்ப்பை மிதித்து ஏறும்போது ராம்ப்பைப் பின்னால் உதைக்கிறது. கட்டாத ராம்ப் நழுவுவது, வண்டி பாதி ஏறிய நிலையில்தான் எப்போதும் நடக்கும்.

3. கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். 560 கிலோவை 12 டிகிரி ஏற்றத்தில் இழுக்க 120 கிலோவுக்குச் சற்று மேலே விசை போதும், ஆகவே 900 கிலோ வின்ச் தாராளம். கயிற்றை இரட்டை மென்பட்டையால் (மிருதுவான துணிப் பட்டை) ஃபோர்க்கின் கீழ்த் தாங்கியிலோ ஃபிரேமிலோ மாட்டுங்கள். கைப்பிடியிலோ அலங்காரக் கம்பியிலோ அல்ல. கயிற்றுக்கு நேர்கோட்டில் யாரும் நிற்க வேண்டாம்.

4. ஓட்டி ஏற்றுவதென்றால் முதல் கியரில், ஒரே சீரான வேகத்தில், நடுவில் நிறுத்தாமல். ஈரமான அலுமினிய ராம்ப்பில் இதைச் செய்யவே கூடாது. எதிரே ஒருவர் நின்று கையசைக்க வேண்டும், கத்த வேண்டாம், எஞ்சின் சத்தத்தில் கேட்காது.

5. முன் சக்கரம் தடுப்பில் உட்கார்ந்ததும் பார்க்கிங் பிரேக் போட்டு, கியரில் விட்டு, எஞ்சினை நிறுத்துங்கள். எஞ்சின் ஓடினால் மட்டுமே நியூட்ரலுக்கு வரும் கியர் பெட்டி உள்ள ட்ரைக் என்றால், கியரில் விடலாமா என்று கையேட்டைப் பாருங்கள். பேட்டரி இறங்கிவிட்டால் தள்ளி இறக்க முடியாது.

கட்டுவது

இருசக்கர வண்டியைக் கட்டிப் பழகியவர் ட்ரைக்கிலும் ஃபோர்க்கை அடிவரை அமுக்கிக் கட்டுவார். தேவையில்லை. இருசக்கர வண்டி விழாமல் இருக்க அப்படிக் கட்டுகிறோம். ட்ரைக் விழப் போவதில்லை, நகரத்தான் பார்க்கும். ஃபோர்க்கை அடிவரை அமுக்கினால் ஆயில் சீல் கசியத் தொடங்குவதுதான் மிச்சம்.

ஆகவே சக்கரத்தைக் கட்டுங்கள், உடலை அல்ல. ஃபிரேமில் கட்டினால் ஒவ்வொரு குழியிலும் சஸ்பென்ஷன் அமுங்கும், அந்த நொடி பெல்ட் தளரும், கொக்கி கழன்றுவிழும். டயரின் மேல் போடும் வலைப் பெல்ட் மூன்று சக்கரத்துக்கும் இருந்தால் சஸ்பென்ஷன் தன்பாட்டுக்கு ஆடும், டயர் தளத்தோடு ஒட்டியே இருக்கும். வலை இல்லையென்றால் சக்கரத்தின் ஆரங்களுக்கு நடுவே மென்பட்டையைக் கோத்துக் கட்டலாம். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், பின் சக்கரத்தின் டிரைவ் பெல்ட் இவை எதையும் பட்டை தொடக்கூடாது. கட்டிய பிறகு டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

எவ்வளவு வலு வேண்டும்? பெல்ட்டில் தைத்த விவரச் சீட்டில் இரண்டு எண் இருக்கும்: அறுந்துபோகும் எடை, பாதுகாப்பாகத் தாங்கும் எடை. இரண்டாவது, முதலாவதில் மூன்றில் ஒரு பங்குதான். பெரிய எழுத்தில் 1,500 கிலோ என்று போட்டிருந்தால் நம்பவேண்டியது 500. சரக்குக் கட்டுவதற்கான ஐரோப்பிய நெறி, முன்னோக்கி எடையில் 80 சதவீதமும் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 50 சதவீதமும் தாங்கவேண்டும் என்கிறது. 560 கிலோ ட்ரைக்குக்கு முன்னோக்கி 448 கிலோ. 45 டிகிரி சாய்வில் கட்டிய 500 கிலோ பெல்ட் இரண்டு சேர்ந்தால் கிடைமட்டத்தில் சுமார் 700 கிலோ தாங்கும். கணக்கு முடிந்தது, ஆனால் இரண்டில் ஒன்று அறுந்தால் மற்றொன்று மட்டும் போதாது. எனவே முன்னோக்கி நகர்வதைத் தடுக்க மூன்று, பின்னோக்கி நகர்வதைத் தடுக்க இரண்டு.

பெல்ட்டை இறுக்கும் ராட்செட்டின் அச்சில் பெல்ட் இரண்டு மூன்று சுற்று சுற்றவேண்டும், ஒரு சுற்றோடு நிறுத்தினால் வழுக்கும். நீளமான பெல்ட்டை ஒரு முறை முறுக்கிக் கட்டினால் காற்றில் படபடக்காது, படபடக்கும் பெல்ட் தானே தன்னைத் தளர்த்திக்கொள்ளும். நைலான் ஈரமானால் நீளும், பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது. திறந்த 'எஸ்' கொக்கி வேண்டாம், நாக்கு வைத்த கொக்கி வாங்குங்கள். வின்ச் கயிறு கட்டுக் கயிறு அல்ல. பெல்ட் போட்டு முடிந்ததும் வின்ச்சைத் தளர்த்திவிடுங்கள்.

வண்டி மேல் துணி உறை போட்டு இழுக்காதீர்கள். காற்றில் உறை உரசும் ஒவ்வொரு இடத்திலும் பெயிண்டும் கண்ணாடியும் தேயும், 500 கி.மீ. போதும் பாலிஷ் போனதைப் பார்க்க. பெட்டிகளைப் பூட்டுங்கள், கழற்றக்கூடிய கண்ணாடி, கொடி, கப் ஹோல்டர் எல்லாம் காருக்குள் போகட்டும். அலாரம் உள்ள வண்டியை டிரான்ஸ்போர்ட் மோடில் வையுங்கள், இல்லையென்றால் வழி முழுக்கக் கத்திப் பேட்டரியைத் தின்றுவிடும்.

சாலையில்

கிளம்பி 15 கி.மீ.யில் நிறுத்துங்கள். புதிதாகக் கட்டிய பெல்ட் உறுதியாக ஒரு பல் தளர்ந்திருக்கும். இறுக்கிவிட்டு, 80 கி.மீ.யில் மறுபடி. பிறகு எரிபொருள் போடும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று: பெல்ட், கப்ளர், சங்கிலி, விளக்கு, டயர். ஒவ்வொரு ஹப்புக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாத அளவு கொதித்தால் பேரிங் போகிறது, அல்லது பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஊர் வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தவர்களின் சக்கரம் அடுத்த ஊருக்கு முன்னாலேயே தனியாக ஓடியிருக்கிறது.

வேக வரம்பு டயரில் எழுதியிருக்கும். பழைய டிரெய்லர் டயர்கள் பல மணிக்கு 105 கி.மீ.க்கு மேல் போகத் தகுதியில்லாதவை. 90-இல் ஓட்டுவது போதுமானது.

வாலாட்டம் வந்தால் பிரேக்கை மிதிக்காதீர்கள், வேகத்தைக் கூட்டியும் நேராக்கப் பார்க்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள். டிரெய்லர் பிரேக்கைக் கையால் இயக்கும் கருவி இருந்தால் அதை மட்டும் மெதுவாக அழுத்துங்கள். அடங்கிய பிறகு ஓரம் கட்டிக் காரணத்தைத் தேடுங்கள். பத்தில் எட்டு முறை ட்ரைக் பின்னால் நகர்ந்திருக்கும், அல்லது யாரோ கனமான பெட்டியை டிரெய்லரின் வால் பக்கம் போட்டிருப்பார்கள்.

பின்னால் எடுக்கும்போது ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தைப் பிடியுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ டிரெய்லரின் வால் அந்தப் பக்கம் போகும். குட்டை டிரெய்லர் சட்டென்று மடங்கிக்கொள்ளும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக. இரவில் டிரெய்லரின் பின்பக்கத்தைச் சுவரை ஒட்டி நிறுத்தி, கப்ளருக்கும் ஒரு சக்கரத்துக்கும் பூட்டுப் போடுங்கள். ராம்ப் திறக்க இடமில்லாவிட்டால் வண்டியை இறக்க முடியாது.

இறக்கும்போது

இறக்கத்தில் அவசரம்தான் விபத்து. காரில் பூட்டியபடி, பின் ஸ்டாண்டு போட்ட பிறகே பெல்ட்டைத் தொடவேண்டும். வின்ச் கயிற்றை முதலில் மாட்டி லேசாக இறுக்கிவிட்டு, பிறகு பெல்ட்டுகளைக் கழற்றுங்கள். கடைசிப் பெல்ட்டைக் கழற்றும்போது வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. வின்ச் மெதுவாகக் கயிற்றை விட, ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கில் கையோ காலோ வைத்து ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொள்ளட்டும். மின்சார ரிவர்ஸ் கியரை நம்பி இறக்கத்தில் விடவேண்டாம், அது மட்டத்தில் நகர்த்துவதற்கு மட்டுமே.

இறக்கியதும் ஓட்டிக் கிளம்புமுன் டயர் காற்றை மறுபடி பாருங்கள். இரண்டு நாள் பெல்ட்டில் கட்டுண்டு கிடந்த டயர்களில் வால்வு சாய்ந்து காற்று கசிந்திருக்கலாம். பிரேக் ஹோஸில் பட்டை உரசிய தடம் இருக்கிறதா, ஃபோர்க்கில் எண்ணெய்ப் படலம் தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். காலியான டிரெய்லரின் வீல் நட்டுகளை அப்போதே ஒரு முறை இறுக்கி, ஓரத்தில் நூல் பிரிந்த பெல்ட்டை அங்கேயே வெட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். மடித்துப் பெட்டியில் வைத்தால் திரும்பும் வழியில் அவசரத்துக்கு அதையேதான் எடுத்துக் கட்டுவீர்கள்.